லண்டன் கடிதத்தில் வெட்டிய சட்டைக்கை

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. அந்த மூன்றாம் வகுப்பை வைத்துக்கொண்டு கல்முனை பிரதான வீதியில் இரண்டு வாசல் வைத்த இரும்புக்கடை போட்டவன் என்பதற்காகச் சொல்கிறேன். சைக்கிள் கரியலில் ஆணிப் பெட்டி கட்டி மாவடிப்பள்ளி வரைக்கும் விற்றுத் திரிந்த நான் கடைசியில் லொறி வைத்திருந்தேன். எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் எனக்குக் கதிரை போடுவார்கள். அப்படிப்பட்ட என்னை ஒரு பொருட்டாக எடுக்காத ஆள் ஊரில் ஒன்றே ஒன்றுதான். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த தையல்காரி.

பெயர் எழுதவில்லை. எழுதினால், "அந்த இடத்தில வேற ஏதாச்சும் எழுதியிருக்கலாமே காக்கா" என்பாள். அண்ணனை எங்கள் ஊரில் காக்கா என்பார்கள். அவளுக்கு எதுவும் வீணாகக் கூடாது. அவ்வளவுதான் அவள். மற்றதெல்லாம் அதிலிருந்து முளைத்த கிளை.

தைத்து முடித்த சட்டையிலிருந்து நூலோட்டத்தை உருவி எடுத்து, வெறும் கட்டையில் திரும்பச் சுற்றி வைப்பாள். சவர்க்காரம் தேய்ந்து நகம்போல ஆனதும் அதை வெயிலில் காயவைத்து, துணியில் கோடு போடுவாள். திறப்புத் தொலைந்த பூட்டு ஒன்றைக் குப்பையில் எறிந்தேன். அடுத்த நாள் அது அவளுடைய மேசையில், துணி பறக்காமல் பாரமாக இருந்தது. "என்ன புள்ள, என்ட குப்பையக் கிண்டுறியா?" என்று கேட்டேன். "இதுக்கு இன்னுமொரு சோலி இரிக்கி காக்கா" என்றாள். தலை நிமிரவில்லை.

சூறாவளி அடித்த வருடம் ஊரே கூரையில்லாமல் நின்றது. எனது கடைப் பெயர்ப்பலகை, ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு நீளமான பலகை, பறந்துபோய் அவளுடைய வளவில் விழுந்தது. மழை விட்டதும் திருப்பி எடுக்க இரண்டு ஆட்களோடு போனேன். பலகைக்குக் கால் அடித்துத் துணி வெட்டுகிற மேசையாக்கி வைத்திருந்தாள். என்னுடைய பெயர் மேலே பார்த்தபடி, அதற்கு மேல் யாருக்கோ பாவாடை வெட்டுப்படுகிறது.

"ஒங்களுக்கு இரும்புக்கடை இரிக்கிறது கொழும்பு வரைக்கும் தெரியும் காக்கா. பலகை என்னத்துக்கு?" என்றாள்.

நியாயமாகத்தான் பட்டது. விட்டுவிட்டு வந்தேன். வீட்டில் என் மனைவி விழுந்து விழுந்து சிரித்த பிறகுதான் நான் ஏமாந்தது எனக்கு விளங்கியது.

பேச்சிலும் அதே சிக்கனம். நான் வீட்டுக்கு மேல்மாடி கட்டினபோது ஊர் முழுக்கப் பார்க்க வந்து 'மாஷா அல்லாஹ்' சொல்லிப் போனது. இவளும் வந்தாள். ஏறினாள், பார்த்தாள், இறங்கினாள். "படி கூடிப்போச்சி" என்றாள். போய்விட்டாள்.

இவளுக்குப் புருசன் லண்டனில். கல்யாணம் முடித்து எங்கள் ஊர் வழக்கப்படி அவளுடைய வீட்டுக்குத்தான் மாப்பிள்ளை குடி வந்தான். நல்ல மனிசன், வாய் நிறையக் கதைப்பான். பத்து மாதம் இருந்தான். பிறகு லண்டனில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை கிடைத்துப் போனான். நடுவில் ஒரு தடவை வந்து இரண்டு மாதம் நின்றான். ஆறு வருடக் கல்யாணத்தில் ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள். பிள்ளை இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் அவனுக்கு அங்கே நிரந்தரமாக இருக்க அனுமதி கிடைத்தது. மனைவியைக் கூப்பிட விண்ணப்பம் போட்டான்.

அதற்குப் பதிலாகக் கொழும்பில் விசா கொடுக்கிற வெள்ளைக்காரக் கந்தோரிலிருந்து அவளுக்கு ஓர் இங்கிலீசுக் கடிதம் வந்தது. அதை என் மனைவி மூலமாக எனக்கு அனுப்பினாள். இங்கிலீசு எனக்குத் தெரியாது. தெரிந்தவனை எனக்குத் தெரியும். பாண்டிருப்பில் இருந்து ஒரு கிளாக்கர் ஐயா தினமும் பின்னேரம் என் கடையில் வந்து பேப்பர் பார்ப்பார். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.

"முதலாளி, இந்தக் கல்யாணம் மெய்யானதா எண்டு கேக்கிறாங்கள்."

"மெய்யில்லாம? நாந்தானே சாட்சிக் கையெழுத்து. நாலு கிடா அறுத்த கல்யாணம் ஐயா!"

"கிடாவ இப்ப எங்க காட்டுற? கல்யாணப் படம் கேக்கிறாங்கள். புருசன் எழுதின கடிதம் எல்லாம் கேக்கிறாங்கள். மனிசி எழுதின கடிதங்கள அவர் அங்க குடுத்திருக்கார். ஆனா ஒவ்வொண்டும் நாலு வரிதானாம். புருசனுக்கு நாலு வரி எழுதுற மனிசி உண்மையான மனிசிதானா எண்டு அவங்களுக்குச் சந்தேகம்."

அந்த நாலு வரி எனக்குத் தெரியும்; நடுவில் வந்து நின்றபோது அவனே சொல்லிச் சிரித்தது. 'சுகம். மழை இல்லை. ஓடு மாற்றினேன். உடம்பைப் பாருங்கள்.' அதற்கு மேல் அவளிடம் எதிர்பார்ப்பவன் அவளைத் தெரியாதவன்.

கல்யாணப் படம் ஒன்று இருந்தது. ஐயா அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். தொப்பி போட்ட மாப்பிள்ளை, அவனுடைய கையைப் பிடித்தபடி அவளுடைய வாப்பா, சுற்றிவர நாங்கள்.

"இதில பொம்பிள எங்க?"

"பொம்புள உள்ளுக்க. எங்கட கல்யாணக் காவின்ல வாப்பாதானே மாப்பிளட கையப் புடிச்சி ஒப்புக்குடுக்கிற."

"நல்ல வேலை. இதப் பாத்தா, மாப்பிள்ள இந்தத் தாடிக்காரக் கிழவனக் கட்டியிருக்கார் எண்டுதான் எழுதப் போறான் வெள்ளைக்காரன்."

ஆக, மிச்சம் கடிதங்கள்தான். 'ஒரு கட்டு இருக்கும், கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வருகிறேன்' என்று ஐயாவிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு அவளிடம் போனேன்.

விசயத்தைச் சொன்னேன். தையல் மெசினைக் காலால் மிதித்தபடியே கேட்டாள். எழும்பிப் போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டு வந்து வைத்தாள். திறந்தேன். உள்ளே நீல நிறத்தில் இரண்டு விரல் அகலத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் '786. அன்புள்ள மனைவிக்கு அஸ்ஸலாமு அலைக்கும்' என்று எழுதி, பக்கத்தில் திகதி. அதோடு சரி. நாற்பதுக்கு மேல் தலைகள், ஒன்றுக்கும் முண்டம் இல்லை.

"மிச்சம் எங்க புள்ள?"

"வெட்டிட்டன்."

"புருசன்ட கடுதாசிய வெட்டின?"

"நல்ல கடதாசி காக்கா. எத்தின தரம் மடிச்சாலும் கிழியா."

பிறகுதான் விளங்கியது. அந்த நீல ஏரோகிராம் கடதாசியில் அவள் ஊர்ப் பெண்களுக்கு அளவுக் கடதாசி வெட்டியிருக்கிறாள். ஒரு கடிதத்தில் ஒரு சட்டைக்கை. முதுகுக்கு இரண்டு கடிதத்தைக் கோதுமை மாப் பசையால் ஒட்ட வேண்டும். மிஞ்சிய துண்டும் வீணாகாது, இன்னொருத்தியின் அளவில் சேரும். ஓரத்தில் அந்தப் பெண்ணின் பெயர், நெஞ்சளவு, இடுப்பளவு. ஒருத்தியின் அளவு இன்னொரு வீட்டில் கிடக்கக் கூடாது என்று, அவரவருடையதை அவரவரிடமே கொடுத்துவிடுவாள். 786 என்றால் பிஸ்மில்லாஹ்; அல்லாஹ்வுடைய பெயரை ஒருத்தியின் இடுப்பில் வைக்க ஏலாதாம். அதனால் ஸலாம் எழுதிய தலையை மட்டும் வெட்டிப் பத்திரப்படுத்தியிருக்கிறாள்.

என் மனைவி வாயில் கை வைத்தாள். "ஏன்கா, ஒனக்கு அந்த மனிசன்ல பாசமே இல்லயா?"

மெசின்தான் ஓடியது. உண்மையைச் சொன்னால் எனக்கும் மனம் ஒருமாதிரி ஆகிவிட்டது. ஊரிலும் கதை இருந்தது: எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவான், பெண் வீட்டை விட்டுப் போகமாட்டாள், இவள் தன் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகவா போகிறாள், அதுதான் கடிதத்தையும் வெட்டிவிட்டாள் என்று.

"சரி, ஒண்டு கேக்கிறன். லண்டனுக்குப் போக ஒனக்கு விருப்பமா, இல்லயா? இந்த முறை மறுத்தாங்களெண்டா திரும்பப் போட எத்தின வருசமோ தெரியா."

மெசின் நின்றது. நான் அந்த வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த காலத்தில், பகலில், நடுத் தையலில் அது நின்றதே இல்லை.

"விருப்பம்" என்றாள்.

மெசின் திரும்ப ஓடியது. எனக்கு அது போதும். நான் இறங்கினால் இறங்கியதுதான்.

மூன்று நாள் மோட்டார் சைக்கிளில் மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அந்த முண்டங்களைத் தேடினேன். சாய்ந்தமருது, கல்முனைக்குடி, மருதமுனை. பெண்களிடம் 'அளவைத் தா' என்று நான் கேட்க முடியுமா? நான் ரோட்டில் நிற்பேன், மனைவி உள்ளே போவாள். முதலில் மூலை வீட்டு மாமி. நல்ல தாட்டியான மனிசி. உள்ளே இருந்து அவவின் சத்தம் ரோட்டுக்குக் கேட்டது.

"என்ட அளவ வெள்ளக்காரன் பாக்கிறதா? அவன் என்ன எனக்குச் சட்ட தைக்கப் போறானா?"

"மாமி, அளவப் பாக்க மாட்டான். எழுத்தத்தான் பாப்பான்."

"நாப்பத்திரெண்டு எண்டு கொட்ட எழுத்தில எழுதி இரிக்கி புள்ள! என்ட மனிசனுக்கே நான் சொல்லல்ல, நாப்பத்திரெண்டு எண்டு!"

ரோட்டில் மீன் விற்றுக்கொண்டு நின்றவன் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

மாவடிப்பள்ளியில் ஒரு குமர், ஈர்க்குச்சி மாதிரிப் பிள்ளை, தன்னுடையதை உடனே கொண்டு வந்து கொடுத்து, "மாமி, லண்டனுக்குப் போறதெண்டா நெஞ்சளவ ஒரு ரெண்டு இஞ்சி கூட்டி எழுதிட்டுக் குடுங்களேன்" என்று கெஞ்சியதாம்.

கடைசியில் நான்தான் வழி கண்டுபிடித்தேன். "அளவுகளை மறைத்துவிட்டுத்தான் கொண்டு போவேன், இது என் வாக்கு" என்று வீடு வீடாகச் சொல்லச் சொன்னேன். ஊரில் என் வாக்குக்கு மதிப்பு உண்டு. துண்டுகள் வந்து சேர்ந்தன.

மறைப்பது எப்படி? என் கடையில் பெயின்டுக்கா பஞ்சம்? முதல் தரமான கறுப்பு இனாமல் ஒரு சின்ன டின் எடுத்தேன். மனைவிக்கு பிரஷ் பிடிக்க வராது. நான் பிடிக்கலாம், ஆனால் பார்க்கக் கூடாது; அடுத்த வீட்டுப் பெண்களின் அளவு. ஆகவே நான் கண்ணை மூடிக்கொண்டேன். மனைவி வழி சொன்னாள்.

"இன்னும் கொஞ்சம் மேல. ஆ, அதான். இடது பக்கம். ஐயோ, கூடிப்போச்சு. மூலை வீட்டு மாமிட முதுகு முடிஞ்சி கைக்குப் போயிட்டீங்க!"

மத்தியானத்துக்குள் எல்லாத் துண்டும் முடிந்தது. ஊர்ப் பெண்களின் மானம் கறுப்பு இனாமலுக்குள் பத்திரமாக இருந்தது. கூடவே, பல இடங்களில், கடிதத்தின் இரண்டு மூன்று வரிகளும். பெயின்ட் அடிக்கத் தெரிந்தவனுக்கு விளங்கும், கண்ணை மூடிக்கொண்டு அடித்ததற்கு அது மிகவும் நேர்த்தியான வேலை.

கொழும்புக்கு மூவரும் பஸ்ஸில் போனோம். அந்தக் கந்தோரில் என்னையும் மனைவியையும் வெளியே வாங்கில் இருத்திவிட்டு அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மொழிபெயர்க்கிற மனிசன், கண்ணாடி போட்ட கொழும்புத் தமிழர், கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"இந்தக் கறுப்புப் பூச்சைப் பூசியது யார்?"

"நாந்தான் சேர். முதல் தரம். வெயிலுக்கும் போகா" என்று எழும்பினேன். உள்ளே கூட்டிப்போனார்.

மேசை நிறைய நீலத் துண்டுகள். கையும், கொலரும், முதுகும். அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரத் துரை, வயது போனவர், கோபமில்லாத முகம், ஆனால் களைத்த முகம். இந்தப் பக்கம் இவள், முக்காட்டுக்குள், மடியில் கை.

"எதற்காக மறைத்தீர்கள் என்று துரை கேட்கிறார்" என்றார் மொழிபெயர்ப்பவர்.

"அவர் பாக்கக் கூடாதெண்டுதான்" என்றேன்.

அதை அவர் அப்படியே இங்கிலீசில் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. துரையின் காது சிவந்தது. நான் சட்டையையும், பெண்களையும், அளவையும், என் வாக்கையும் விளக்க விளக்க நிலைமை மோசமாகியது. துரை ஒரு துண்டைத் தூக்கிக் காட்டி ஏதோ சொன்னார்.

"வெட்டின கடிதம், அதற்கு மேல் கறுப்புப் பூச்சு. இதை எப்படி ஆதாரமாக எடுக்கிறது என்கிறார். மன்னிக்க வேண்டும், இதை ஏற்க முடியாது என்கிறார்."

ஆறு வருடக் கல்யாணத்தை ஒரு சின்ன டின் பெயின்டால் நான் முடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போதுதான் இவள் வாய் திறந்தாள்.

"வெட்டினது கடதாசியத்தானே. எழுத்த நான் பாடமாக்கிட்டுத்தான் வெட்டின. பாடமாகாத ஒரு கடுதாசியிலயும் நான் கத்தரி வெக்கல்ல. கேக்கச் சொல்லுங்க."

மொழிபெயர்ப்பவர் அவளைப் பார்த்தார், துரையைப் பார்த்தார், சொன்னார். துரை கையில் இருந்த சட்டைக்கையை அவரிடம் நீட்டினார். அவர் வாசித்தார்: "'இங்கே குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். இரண்டு சட்டை போட்டு அதற்கு மேல்...' இதோடு வெட்டுப்பட்டிருக்கிறது."

இவள் தரையைப் பார்த்துக்கொண்டு, பள்ளிப்பிள்ளை ஒப்புவிப்பதுபோலச் சொன்னாள். "'அதற்கு மேல் நீ தைத்துத் தந்த சட்டையைப் போட்டால்தான் நடுக்கம் நிற்கிறது. கூட வேலை செய்கிறவர்கள் எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்கிறார்கள். நான் கடையின் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் எல்லாரும் ஓடர் கொடுப்பார்கள், நீ எனக்கு எழுதுகிற நாலு வரியும் நின்றுவிடும்.' அங்க கமுக்கட்டு வெட்டு வந்திட்டு. மிச்சம் மூலை வீட்டு மாமிட முதுகுல இரிக்கி."

"எது மாமியின் முதுகு?"

"ரெண்டு துண்டு ஒட்டின. பெரிசு."

அவர் தேடினார். கிடைக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "சேர், அந்த நாப்பத்திரெண்டு!" என்று கத்திவிட்டேன். மாமி என்னை மன்னிக்க வேண்டும். ஒரு கலியாண வாழ்க்கை அங்கே மேசையில் கிடந்தது.

முதுகைக் கண்டுபிடித்துச் சட்டைக்கையோடு ஓரம் சேர்த்து வைத்தார்கள். பொருந்தியது. எழுத்துக்கு எழுத்து அவள் சொன்னதுபோலவே இருந்தது. துரை கதிரையை முன்னுக்கு இழுத்தார். இன்னொன்று எடுத்தார்கள். அதையும் சொன்னாள். "மிச்சம் மாவடிப்பள்ளிப் புள்ளட கொலர்ல." கொலரில் இருந்தது. துரைக்கு இப்போது களைப்பில்லை. தானே எழும்பி நின்று கைக்குக் கை, இடுப்புக்கு இடுப்பு சேர்த்துப் பார்க்கிறார். நாலு வரிக்கு மேல் எழுதாதவளின் வாயிலிருந்து, அந்த வாயாடி மனிசன் ஐந்து வருடம் எழுதியதெல்லாம் வந்துகொண்டிருந்தது. குசினியில் கை சுட்டது, பனி பெய்தது, பெருநாளுக்குத் தனியாகப் புரியாணி சமைத்து அடிப்பிடிக்க விட்டது. நான் வேலிக்குப் பக்கத்தில் இத்தனை வருடம் இருந்தேன். ஒன்றும் தெரியாது.

பிறகு துரை கறுப்புப் பூசிய ஒரு துண்டை எடுத்தார். பூச்சின் மேல் விரல் வைத்தார். மெதுவாக ஏதோ கேட்டார்.

"இதற்குக் கீழே என்ன இருந்தது என்று கேட்கிறார்."

அவள் அந்தத் துண்டைப் பார்த்தாள். எந்தக் கடிதம் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. கழுத்திலிருந்து மேலே முகம் முழுக்கச் சிவந்தது. முக்காட்டை இழுத்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"காக்கா, நீங்க வெளிய போங்க."

"நான் ஒனக்கு மூத்த காக்கா மாதிரிப் புள்ள. என்னத்துக்கு வெக்கம்?"

"அதான் போகச் சொல்றன்."

எந்தக் கந்தோரிலும் என்னை யாரும் எழுப்பி அனுப்பியதில்லை. அன்று போனேன். கதவு மூடியது. வாங்கில் மனைவியின் பக்கத்தில் இருந்துகொண்டு காதைத் தீட்டினேன். ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை, அந்த வயது போன துரை சிரிக்கிற சத்தம் கேட்டது. கெட்ட சிரிப்பல்ல; பழைய ஏதோ ஒன்று ஞாபகம் வந்தவனின் சிரிப்பு.

வெளியே வந்தாள். பையில் துண்டுகள் எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தன. முகம் வழமைபோல.

"என்னவாம்?"

"பாஸ்போட்ட வாங்கி வெச்சிட்டாங்க. முத்திர குத்தி வெச்சிருப்பாங்களாம். செவ்வாக்கிழம வரட்டாம்."

என் மனைவி அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். நான் அந்த வாசலிலேயே கணக்காக எடுத்துச் சொன்னேன்: நான் பெயின்ட் அடித்திராவிட்டால் துரைக்குச் சந்தேகம் வந்திராது, சந்தேகம் வந்திராவிட்டால் இவள் வாய் திறந்திருக்க மாட்டாள், வாய் திறந்திராவிட்டால் விசா இல்லை. ஆகவே விசா வாங்கிக் கொடுத்தது யார்? இன்றைக்கும் யாராவது மறுத்துச் சொல்லட்டும் பார்ப்போம்.

அவள் மறுக்கவில்லை. வெயிலில் நடந்துகொண்டிருந்தாள். எனக்கு மனம் கேட்கவில்லை. பஸ் நிலையம் வரைக்கும் பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"அந்தக் கறுப்புக்குள்ள அப்பிடி என்னதான் புள்ள எழுதியிருந்தான்?"

நின்றாள். அவ்வளவு நேரம் கடிதம் ஒப்புவித்த வாய், பழையபடி சுருங்கிப் போயிருந்தது. ஆனால் ஓரத்தில் ஒரு சிரிப்பு.

"அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். இப்ப அந்தத் தொரைக்கும், மொழிபெயர்த்த மனிசனுக்கும் தெரிஞ்சி போச்சி. நாலு பேராகிட்டு காக்கா. இனி ஒங்கள எங்க இருத்துற?"